‘கூலி’ — ஒரு சொல்லின் சரித்திரம்

தமிழ் மொழி ஆங்கிலத்துக்கு ஈந்த சொற்களை எடுத்துக் கூறிப் பெருமை கொள்வது நம் தமிழ்ச் சங்க மேடைகளில் நெடுநாளைய வழக்கம். கட்டுமரம் சென்றது, சுருட்டு சென்றது, கறி சென்றது, மிளகுதண்ணீருங்கூடச் சென்றது என்று பேச்சாளர் அடுக்குவார், அவையினர் கைதட்டுவர். ஆனால் அந்தப் பட்டியலில் இரண்டு சொற்கள் பெரும்பாலும் விடுபட்டுவிடும். ஒன்று, ‘பறையர்’ என்னும் மக்கட் பெயரிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட சொல். ஒதுக்கப்பட்டவர் எவராயினும் அவரைச் சுட்ட அதனை அவர்கள் வழங்கினர். மற்றது ‘கூலி’.

முதலிற் சொன்னவை பொருள்களின் பெயர்கள். பின்னர்ச் சொன்ன இரண்டும் மனிதரின் மேல் ஒட்டப்பட்ட பெயர்கள். பொருளின் பெயரை ஈந்தபோது நாம் வணிகம் செய்தோம். மனிதரின் பெயரை ஈந்தபோது நம்மையே விற்றோம். ‘நம்மை’ என்று சொல்வதும் முற்றிலும் பொருந்தாது. விற்றவர் சிலர், விலைப்பட்டவர் பலர். இந்த வேறுபாட்டை மறவாமல் ‘கூலி’ என்னும் சொல்லின் பயணத்தைத் தொடர்வோமாயின், அகராதி ஒன்றே நமக்கு ஒரு சரித்திர நூலாகிவிடும்.

தமிழில் இச்சொல் இழிவான சொல்லன்று. திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், இது வருகின்றது. தெய்வத்தால் ஆகாத காரியத்திலும் உடல் வருந்தி உழைத்த உழைப்பு தனக்குரிய பயனைத் தராமற் போகாது என்று வள்ளுவர் கூறுமிடத்தில், அந்தப் பயனுக்கு அவர் இட்ட பெயர் ‘கூலி’. விதியோடு மோதும் மனித முயற்சிக்கு உரிய பேறு என்பதே அங்கு அதன் பொருள். வண்டிக்கூலி, தையற்கூலி, நகை செய்வோரின் செய்கூலி என்று இன்றும் நாம் வழங்குவனவெல்லாம் இப்பொருளின் வழி வந்தவை. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகிய மொழிகளிலும் இச்சொல் இதே வடிவில், இதே பொருளில் வழங்குகின்றது. ஆகவே இது திராவிட மொழிகளின் பொதுச் சொத்து.

‘கூலம்’ என்றால் தானியம். தானியமாக அளந்து கொடுக்கப்பட்டமையாற் ‘கூலி’ எனப் பெயர் வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் சிலர் உரைப்பர். இதனைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தஞ்சை வயல்களில் அண்மைக் காலம் வரையிற் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. அவர்கள் தலித் விவசாயத் தொழிலாளரும் அவர்தம் மனைவி மக்களும். அக்கொடுமைக்கு முன்னின்ற பூசலில் நெற்கூலியைச் சற்று உயர்த்துமாறு கேட்டதும் ஒரு காரணமாக இருந்தது. கூலத்துக்கும் கூலிக்கும் உள்ள உறவை இலக்கண நூலிலன்றி இரத்தத்திலும் நாம் படிக்க நேர்ந்தது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழிற் கூலி வேறு, கூலியாள் வேறு. கொடுக்கப்படுவது கூலி, பெறுபவன் ஆள். மொழி தானே இட்டுவைத்த வேலி இது. உழைப்பவனையும் அவன் பெறும் விலையையும் ஒன்றெனக் கருதாமல் இவ்வேலி காத்து நின்றது. ஆங்கிலத்திற் புகுந்தபோது ‘கூலியாள்’ என்னும் தொடரிலிருந்து ‘ஆள்’ உதிர்ந்து போனான். ‘கூலி’ மட்டும் நின்றது. விலையே மனிதனுக்குப் பெயராயிற்று.

இச்சொல் ஆங்கிலத்துக்குத் தமிழிலிருந்தே சென்றதா என்பதிற் கருத்து வேறுபாடு உண்டு. இந்திய ஆங்கிலச் சொற்களைத் திரட்டி யூல், பர்னெல் என்னும் இருவர் 1886இல் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் புகழ்பெற்ற அகராதி, குஜராத்துக் கரையில் வாழும் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரை நினைவூட்டுகின்றது. மேலைக் கரைக்கு முதலில் வந்த போர்த்துக்கேயர் அம்மக்களைச் சுமைவேலைக்கு அமர்த்தினர். அப்பெயரே பரவியிருக்கலாம் என்பது அக்கட்சி. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் ‘குல்’ என்னும் சொல்லைச் சுட்டுவாரும் உளர். சீன மொழியில் இச்சொல்லை ஒத்த ஒலியில் எழுதும் இரண்டு எழுத்துக்களுக்குக் ‘கசப்பான வலிமை’ என்பது பொருள். ஆனால் அது மூலமன்று. வந்து சேர்ந்த அந்நியச் சொல்லுக்குச் சீனர் தம் அனுபவத்தாற் கொடுத்த விளக்கம். சொல்லின் பிறப்பை அது உரைக்காவிடினும் வாழ்வை உரைக்கின்றது.

இக்கட்சிகளுள் எது வெல்லினும் நமக்கு இழப்பில்லை. ஒரு குலத்தின் பெயர், அடிமையின் பெயர், ஊதியத்தின் பெயர் என மூன்று ஊற்றுக்களைச் சொல்கின்றனர். மூன்றும் ஒரே ஆற்றில் வந்து கலந்திருத்தலும் கூடும். குலத்தாற் கட்டுண்டவன், அடிமையைப் போல் நடத்தப்படுபவன், ஊதியத்தின் பெயரால் அழைக்கப்படுபவன் ஆகிய மூவரும் ஒருவனே என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மெய்ப்பித்துவிட்டது.

அந்நூற்றாண்டின் கதையைச் சுருக்கமாகக் காண்போம். பிரித்தானிய சாம்ராச்சியத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறிற்று. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. அடிமைகளாயிருந்தோருக்கு ஒரு காசும் வழங்கப்படவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1834 முதல் மொறீசியசுக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். பின்னாளிற் பிரித்தானியப் பிரதமராக விளங்கிய கிளாட்ஸ்டனின் தந்தை ஜோன் கிளாட்ஸ்டன் கயானாவில் தோட்டங்கள் உடையவர். அவரது முயற்சியால் 1838இல் இரண்டு கப்பல்கள் கயானாவுக்கு இந்தியரைக் கொண்டு சென்றன. 1845இல் திரினிடாட், 1860இல் சென்னையிலிருந்து நேட்டால், 1879இல் பிஜி என்று அவ்வழி நீண்டது. சீனத்திலிருந்து கியூபாவுக்கும் பெருவுக்கும் கப்பல்கள் சென்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1862இல் தன் கப்பல்கள் ‘கூலி வியாபாரம்’ செய்யலாகாது என்று சட்டமியற்றின. சுமாத்திராவின் தோட்டங்களுக்கென ஒல்லாந்தர் 1880இற் ‘கூலிச் சட்டம்’ ஒன்றையே பிறப்பித்தனர். காவிரிக் கரையில் ஓர் உழவன் மாலையிற் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய சிறு அளவு நெல்லின் பெயர், இவ்வாறு மூன்று சமுத்திரங்களில் மனிதச் சரக்கின் பெயராயிற்று.

இச்சொல் சென்ற இடத்தில் அதனை ஏற்றவர் யார், தட்டிவிட முயன்றவர் யார் என்பதும் படிப்பினை தருவது. தென்னாபிரிக்காவுக்குச் சென்ற காந்தி அடிகளை வெள்ளையர் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘சாமி’யை எடுத்து இந்தியர் எல்லாரையும் ‘சாமி’ என்றும் ஏளனமாக அழைத்தனர். முஸ்லிம் வணிகர் தம்மை ‘அராபியர்’ என்றும், பார்சி எழுத்தர் தம்மைப் ‘பாரசீகர்’ என்றும் கூறிக்கொண்டு இப்பெயரிலிருந்து தப்ப முயன்றதை அவர் தம் சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். வசதி உடையவனுக்கு வேறு பெயர் வாங்க வழியிருந்தது. கரும்புத் தோட்டத்துத் தமிழனுக்கும் பீகாரிக்கும் அவ்வழி இல்லை. நிறத்தால் வந்த இழிவையும் வர்க்கம் பங்குபோட்டுத்தான் சுமந்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக ஏறிவரும் வீதி, ஊவாவுட் புகுந்து ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலையை அடைகின்றது. வலப்புறம் தாழ்நிலம் கண்ணுக்கு எட்டியவரை விரிந்து கிடக்கும். இடப்புறம் ஹப்புத்தளையை நோக்கி மலைச்சுவர் எழுந்து நிற்கும். அம்மலைக்கு மேல் தம்பேதென்னை முதலிய தோட்டங்களை 1890இல் வாங்கினார் தோமஸ் லிப்டன். அவருடைய தேயிலை விளம்பரங்களிற் கொழுந்துக் கூடையுடன் தமிழ்ப் பெண் உலகமெங்கும் காட்சியளித்தாள். படத்தில் அவளுக்குப் புன்னகை இருந்தது. தோட்டத்துப் புத்தகத்தில் அவள் ஒரு ‘கூலி’.

இலங்கைக்கு வந்தோர் கயானாவுக்குச் சென்றோரைப் போல ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டவரல்லர் என்றும், அவர்கள் சுதந்திரத் தொழிலாளர் என்றும் துரைமார் பெருமை பேசினர். ஏட்டளவில் அது உண்மை. மாதத்துக்கு மாதம் புதுப்பிக்கப்படும் வாய்மொழி ஒப்பந்தமே அவர்களுக்கு இருந்தது. ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டு நீங்குவது சிறைக்குரிய குற்றம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமோ, இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்யும் ‘இந்தியக் கூலிகள்’ பற்றியது என்று தன் தலைப்பிலேயே அறிவித்தது. இங்கிலாந்தின் அகராதியிற் கொச்சையாக இருந்த சொல் இலங்கையின் சட்டப் புத்தகத்தில் ஒரு சாதியாக எழுதப்பட்டது.

சட்டத்தைவிடக் கடன் வலிய விலங்கு. தமிழகத்தைத் துரைமார் ‘கோஸ்ட்’ என்றனர். அங்கு ஆள் சேர்க்கக் கங்காணியிடம் கொடுத்த முன்பணம் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’. வழிச்செலவு, சோறு, கம்பளி என்று அது தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறிற்று. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், இன்ன தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் அவன் ஆட்களையும் விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி வேண்டும். அதற்குப் பெயர் ‘துண்டு’. இதுவும் தமிழ்ச் சொல். இதுவும் ஆங்கிலச் சட்டத்திற் புகுந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஒழிக்கும் வரையிற் கடனோடு சேர்த்து மனிதர் கைமாறினர்.

கூலியின் பெயரால் அழைக்கப்பட்ட இம்மக்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைத்ததா என்று கேட்டால், இச்சொல்லின் முழுக் கொடுமையும் விளங்கும். கோப்பித் தோட்டங்கள் நொடித்த காலங்களில் மாதக்கணக்காகக் கூலி நிலுவையில் நின்றது. கூலி நேரே தொழிலாளியின் கைக்கு வராமற் பெரிய கங்காணியின் கை வழியே வந்த காலமும் இருந்தது. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளின் தலைக்கும் கங்காணிக்குத் தனியே ‘பென்ஸ் காசு’ உண்டு. ஆக, கூலியை எண்ணியவன் துரை. தலையை எண்ணியவன் கங்காணி. கடனை எண்ணியவன் தொழிலாளி. உலகெங்கும் கூலி என்று பெயர் பெற்றவனுக்கு அப்பெயர் ஒன்றே முழுமையாகக் கிடைத்த கூலி.

மொழியையும் இவ்விழிவு விட்டுவைக்கவில்லை. இளந்துரைமார் தமிழ் பயில்வதற்கென எழுந்த கைந்நூல்களுள் ஒன்றின் பெயர் ‘இங்கே வா’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்குசன் என்பார் இயற்றியது. 1915இற் கொழும்பில் வெல்ஸ் என்பார் வெளியிட்ட மற்றொன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’. தமிழின் தொன்மை பற்றி ஐரோப்பிய அறிஞர் வியந்து எழுதிய காலமும் இதுதான். ஒரே மொழி, நூலகத்திற் செம்மொழியாகவும் தேயிலை மலையிற் கூலித் தமிழாகவும் இரண்டு மதிப்புப் பெற்றது. பேசுபவனின் நிலத்தையும் கூலியையும் பார்த்துத்தான் மொழிக்கு மதிப்பிடுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தோட்டத்து மக்களின் சொந்தப் பேச்சு இதற்கு ஒரு மறுமொழி வைத்திருக்கின்றது. ஒரு நாள் வேலை செக்றோலிற் பதியப்படுவதை அவர்கள் ‘பேர்’ என்பர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. ஓய்வு நாளிற் பறித்து உடனே காசு பெறுவது ‘கைக்காசு’. ஆங்கிலம் கூலியை ஆளின் பெயராக்கிற்று. செக்றோல் ஆளின் பெயரைக் கூலியின் அளவாக்கிற்று. நிறை குறைந்த நாளில் அந்தத் தாய் பாதிச் சம்பளத்தை மட்டும் இழக்கவில்லை. தன் பெயரிற் பாதியையும் இழந்து லயத்துக்குத் திரும்பினாள். இலக்கண ஆசிரியர் இதனை ஆகுபெயர் என்பர். பெயர் ஆகிவந்த வழியில் எத்தனை முதுகுகள் வளைந்தன என்பதை இலக்கணம் சொல்லாது.

கார்ல் மார்க்ஸ் தொழிலாளர்க்கு ஆற்றிய சொற்பொழிவுகள் 1849இற் பத்திரிகையில் வெளிவந்தன. தமிழில் அந்நூலுக்குக் ‘கூலியுழைப்பும் மூலதனமும்’ என்று பெயர். தொழிலாளி விற்பது தன் உழைப்பாற்றலை. கூலி என்பது அச்சரக்கின் விலை என்று மார்க்ஸ் விளக்கினார். சரக்கின் விலையைச் சரக்குக்கு உடையவன் மேல் எழுதி ஒட்டும் வழக்கம் சந்தையில்தான் உண்டு. ஆங்கிலேயர் அதனை மனிதனுக்குச் செய்தனர். நூல் படிக்காத துரையுங்கூடத் தன் வாய்ச்சொல்லால் அந்நூலின் கருத்தை ஒப்புக்கொண்டான் எனலாம்.

இச்சொல்லுக்கு எதிரான போராட்டம் மலைநாட்டிற் கூலிக்கான போராட்டத்தோடு கலந்தே நடந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஒரு படி. ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு அதனிற் குறைவு, சிறுவருக்கு மேலும் குறைவு என அது வகுத்தது. இந்த வேற்றுமை நீங்கி ஆணும் பெண்ணும் சம சம்பளம் பெற 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கெனச் சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிச் சென்றார். ‘கூலிகள்’ என்று கேட்டுப் பழகிய செவிகளில் ‘தொழிலாளர்’ என்னும் சொல் அவ்வாறு ஏறிற்று. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தன் அச்சொல்லுக்குத் தன் உயிரைக் கொடுத்தான். அதே ஆண்டு மே மாதத்தில் வேலைநிறுத்த அலை ஊவாவை எட்டிற்று. பதுளைப் பகுதியின் வேவெஸ்ஸத் தோட்டத் தொழிலாளர் காட்டிய உறுதி தொழிற்சங்கச் சரித்திரத்தில் இடம்பெற்றது.

தொழிலாளி என்று பெயர் பெற்றவன் பிரசை என்று பெயர் பெறுமுன் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. கூலி என்ற பெயர் போய் ‘நாடற்றவன்’ என்ற பெயர் வந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசலாம் என்று வகுக்கப்பட்டது. செக்றோலின் கணக்கு மறைந்தது. அரசுகளின் கணக்கு தொடங்கிற்று. இறுதியில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை பெருமளவு நீங்கிற்று.

பெயரை மாற்றினால் நிலை மாறுமா? இந்திய ரயில் நிலையங்களிற் சுமை தூக்குவோரை இனிச் ‘சகாயக்’, அதாவது உதவியாளர், என அழைக்க வேண்டும் என்று 2016இல் அந்நாட்டு ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தனர். சுமையின் நிறை அதனாற் குறையவில்லை. மொறீசியசில் ஒப்பந்தக் கூலிகள் கரையேறிய ‘கூலித் துறை’ இன்று ‘ஆப்பிரவாசி காட்’ என்னும் பெயருடன் 2006 முதல் உலக மரபுச் சின்னமாக விளங்குகின்றது. அந்நாட்டுக் கவிஞர் கால் தொராபுள்ளி, 1992இல் இச்சொல்லையே வேராகக் கொண்டு ஒரு புதுச்சொல்லை ஆக்கி, கூலிகளின் கடற்பயணத்தைத் தம் இனத்தின் காவியமாகக் கொண்டாடினார். சொல்லை மறைப்பது ஒரு வழி. எடுத்து நெஞ்சில் அணிவது மற்றொரு வழி. இரண்டாவது வழியே வீரம் மிக்கது எனினும், அதுவும் தனித்து நின்றாற் போதாது.

ஏன் போதாது என்பதற்கு ஹல்துமுல்லைப் பிரதேசமே சாட்சி. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்தது. லய வரிசைகள் மண்ணுள் மறைந்தன. மலைக்கும் மழைக்கும் வர்க்கம் தெரியாது என்பர். ஆனால் மலையின் எந்த மடியில் யார் குடியிருப்பது என்பதை மழை தீர்மானிக்கவில்லை. லயம் தொழிலாளியின் உடைமையன்று. வேலையோடு ஒட்டிய இருப்பிடம். வேலையை விட்டால் கூரையும் போகும். இவ்வகையில் அவன் தலைமேல் இருந்த கூரையும் கூலியின் ஒரு பகுதி. சொந்தக் காணியில் தனக்கென ஒரு வீடு இல்லாதவன் ஆபத்தை அறிந்தாலும் எங்கே போவான்? நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டு இழுபட்டு 2021 மார்ச்சு மாதத்திலேயே நிறைவேறியது. அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதைக் கடையிற் சாமான் வாங்கும் எவரும் அறிவர்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. பாடசாலைப் படிவங்களிற் ‘தந்தையின் தொழில்’ என்று ஓர் இடம் உள்ளது. அங்கே ‘கூலி’ என்று எழுதும் பிள்ளையும் உண்டு. ‘தோட்டத்தில் வேலை’ என்று எழுதும் பிள்ளையும் உண்டு. பேனாவை மூடிக்கொண்டு வெற்றிடமாக விட்டுத் தரும் பிள்ளையும் உண்டு. அந்த வெற்றிடத்தை நிரப்புவது மொழிப் பாடத்தின் வேலை. வகுப்பில் 619ஆம் குறளுக்குப் பொருள் சொல்லும்போது, அதில் வரும் அச்சொல்லை அவசரமாகக் கடந்து செல்லாதிருப்போம். கொடுப்பவன் வெட்கப்படும்படி குறைவாகக் கொடுத்தான். பெற்றவன் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று கேட்போம்.

2023ஆம் ஆண்டில், தம் முன்னோர் வந்த இருநூறாண்டை நினைந்து, மலையகத்தாரும் அவரோடு தோழமை பூண்டோரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். கோப்பிக் காலத்து முன்னோர் பசியிலும் கொள்ளைநோயிலும் விழுந்து மடிந்த அதே வழி. முன்னோர் அவ்வழியிற் கடனோடு வந்தனர். பெயரன்மார் காணி, வீடு, நியாயமான ஊதியம் என்னும் கோரிக்கைகளோடு சென்றனர். இச்சொல்லை அகராதியிலிருந்து அழிக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் உதிர்த்துவிட்ட ‘ஆளை’ அதனோடு மீண்டும் சேர்க்க வேண்டும். வள்ளுவர் அதற்குத் தந்த பொருளை, அதாவது வருந்திய உடலுக்குக் குறையாது வந்து சேரும் பயனை, மாதச் சம்பள நாளிலே மெய்யாக்க வேண்டும். அன்று ‘கூலி’ என்பது மனிதனின் பெயராக இராது. அவன் கையில் உள்ள பொருளின் பெயராக இருக்கும். தமிழில் அது தொடக்கத்திற் கொண்டிருந்த பொருளும் அதுவே.